முப்பது வெள்ளை ஆண்களும் பார்பரா ஜோர்டனும்

போன செமஸ்டர் பரீட்சைக்கு முதல்நாள் இரவு, படிக்கிற சாட்டில் யூடியூப்பில் அலைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ தட்டுப்பட்டது. 1974 ஜூலை 25. அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் மீது குற்றப்பிரேரணை கொண்டுவருவதா இல்லையா என்று கொங்கிரஸின் நீதித்துறைக் குழு கூடியிருக்கிறது. பெரிய கண்ணாடி போட்ட ஒரு கறுப்பினப் பெண் பேசத் தொடங்குகிறார். அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்து வரைக்கும் முழுசாக உச்சரிக்கிறார். 1787இல் அரசியலமைப்பை எழுதினவர்கள் 'மக்களாகிய நாம்' என்று தொடங்கினபோது அதற்குள் தான் இருக்கவில்லை என்கிறார். பிறகு வந்த திருத்தங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் தன்னை உள்ளே எடுத்தன, இப்போது அந்த ஆவணத்தின் மேல் தனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது, அது சிதைக்கப்படுவதை சும்மா இருந்து பார்க்க வரவில்லை என்கிறார். அதற்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது, நிக்சன் என்ன செய்தார் என்று ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். கால் மணித்தியாலம்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் நாலு வருசம் விவாதக் குழுவில் இருந்தவள் நான். எங்கட விவாதம் எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்தானே. மேசையில் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் ஒரு கவிதை வரியோட முடிக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, கத்தாமலே இப்படிப் பேசலாம் என்பது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

பார்பரா ஜோர்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த உரையில் இருந்துதான் தொடங்குவார்கள். நானும் அதையே செய்துவிட்டேன். ஆனால் தேடி வாசிக்க வாசிக்க எனக்கு வேறொன்றுதான் பிடிபட்டது. இந்த உரையைப் பேசும்போது அவர் வொஷிங்டனுக்கு வந்து ஒன்றரை வருசம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னம் ஆறு வருசம் டெக்சாஸ் மாநில செனட்டில் இருந்தவர். அதற்கும் முன்னம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்சிக்காரர்களைச் சந்தித்த சட்டத்தரணி, இரண்டு தேர்தல்களில் தோற்றவர். அந்தப் பகுதிதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முதல் ஒரு விளக்கம். அமெரிக்க மாநிலச் சட்டசபையை எங்கட மாகாண சபை மாதிரி நினைக்கக்கூடாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு, தனி ஆளுநர், தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. யார் வாக்காளராகப் பதியலாம் என்கிற விதிகளையும் தொகுதிகளின் எல்லைகளையும் பெருமளவில் மாநிலம்தான் தீர்மானிக்கிறது. தேசிய கொங்கிரஸுக்கான தொகுதிகளுக்குக்கூட டெக்சாஸில் கோடு போடுவது மாநிலச் சட்டசபைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

ஜோர்டன் 1936 பெப்ரவரி 21ஆம் திகதி ஹூஸ்டன் நகரத்தின் ஐந்தாம் வட்டாரத்தில் பிறந்தார். கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஏழைப் பகுதி அது. அப்பா பெஞ்சமின் பண்டகசாலையில் எழுதுவினைஞர், பிறகு பப்திஸ்து போதகர். அம்மாவின் அப்பா ஜோன் எட் பற்றன் பழைய சாமான் வியாபாரி. வண்டியில் கோவேறு கழுதைகளைப் பூட்டிக்கொண்டு பழந்துணி, பழைய பேப்பர், இரும்பு சேர்க்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியையும் கூட வைத்திருப்பார், விற்ற காசில் அவளுக்கும் ஒரு பங்கு கொடுப்பார். இந்தத் தாத்தாவின் தகப்பன் எட்வேர்ட் பற்றன் 1891இல் டெக்சாஸ் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்து, அவர்களில் சிலர் சட்டசபை வரைக்கும் போனார்கள். பிறகு வாக்குரிமையே பிடுங்கப்பட்டது. அந்தக் கதவு மூடுவதற்கு முன் கடைசியாக உள்ளே இருந்த சிலரில் ஒருவர் அவர். அவருடைய மகன் குப்பை சேர்த்துப் பிழைத்தார். ஒரே குடும்பத்தில் ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது சிக்காகோவில் இருந்து ஈடித் சாம்சன் என்ற கறுப்பினப் பெண் சட்டத்தரணி ஒருவர் வந்து பேசியிருக்கிறார். அன்றைக்கே தானும் சட்டத்தரணியாவது என்று முடிவு. ஆனால் 1952இல் பள்ளிப்படிப்பு முடிந்தபோது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் இளங்கலைக்குச் சேர முடியாது. ஆகவே ஹூஸ்டனிலேயே இருந்த டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்பதே தனிக்கதை. 1946இல் ஹீமன் சுவெட் என்ற ஹூஸ்டன் தபாற்காரர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துச் சட்டபீடத்துக்கு விண்ணப்பித்தார். தகுதி இருந்தது, நிறம் சரியில்லை. வழக்குப் போட்டார். அவரை உள்ளே எடுக்காமல் இருப்பதற்காக, 'உங்களுக்கும் ஒன்று தனியாக இருக்கிறது' என்று நீதிமன்றத்துக்குக் காட்டுவதற்காக, 1947இல் மாநிலச் சட்டசபை அவசர அவசரமாக உருவாக்கியதுதான் இந்தக் கம்பஸ். 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்டை ஏற்கவில்லை, சுவெட்டைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. சாட்டுக்குக் கட்டின கம்பஸ் மட்டும் மிஞ்சியது. அங்கே தோமஸ் ஃபிரீமன் என்ற விவாதப் பயிற்சியாளர் இருந்தார், ஜோர்டன் அவரிடம் அகப்பட்டார். ஹாவார்ட் பல்கலைக்கழகக் குழு ஹூஸ்டனுக்கு வந்து இவர்களோடு விவாதித்தபோது போட்டி சமநிலையில் முடிந்தது. ஹாவார்ட்டோட சமநிலை எண்டா அது வெற்றிதான் என்று ஜோர்டன் பின்னாட்களில் பகிடியாகச் சொல்லுவாராம்.

1959இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம். அங்கேயே இருந்திருக்கலாம், வடக்கில் வாய்ப்பும் கூட. ஆனால் ஒரு வருசம் அலபாமாவில் படிப்பித்துவிட்டு ஹூஸ்டனுக்கே திரும்பினார். அலுவலகம் எடுக்கக் காசில்லை. அப்பா அம்மாவின் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ஏறத்தாழ மூன்று வருசம் அப்படியே போனது. எங்கட ஊரில் சட்டக்கல்லூரி முடித்துவிட்டு சீனியருக்குப் பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு திரிகிற அண்ணாமார் அக்காமாரைப் பார்க்கும்போது இந்த மேசை எனக்கு ஞாபகம் வரும்.

1960இல் கென்னடி – ஜோன்சன் தேர்தல் பிரசாரத்துக்குத் தொண்டராகப் போனார். கடித உறையில் முத்திரை ஒட்டுகிற வேலை. ஒரு நாள் தேவாலயத்தில் பேசவேண்டியவர் வராமல் போக இவரை எழுப்பி விட்டிருக்கிறார்கள். அன்றோடு முத்திரை ஒட்டுகிற வேலை முடிந்தது. ஹரிஸ் கவுண்டி என்பது ஹூஸ்டன் அடங்கிய மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு. அங்கே கறுப்பினக் குடியிருப்புகளில் தெருவுக்கு ஒருவர் பொறுப்பு என்று ஆட்களை ஒழுங்குபடுத்தி, வாக்காளர்களைத் தேர்தல் நாளில் கூட்டிவரும் அமைப்பைக் கட்டினதில் இவருக்குப் பெரிய பங்கு. எந்தத் தெருவில் எத்தனை வாக்கு என்பது அப்போதே மனப்பாடமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

1962இல் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். வேட்பாளர் கட்டணம் 500 டொலர், கடன் வாங்கிக் கட்டினார். தோல்வி. 1964இல் திரும்பவும் கேட்டார். திரும்பவும் தோல்வி. கறுப்பினப் பகுதிகளில் அவருக்கு வாக்குகள் கொட்டின. பிரச்சினை அது இல்லை. ஹரிஸ் கவுண்டி முழுவதும் ஒரே தொகுதி மாதிரி வாக்களித்துத்தான் அதன் ஒவ்வொரு பிரதிநிதியையும் தெரிந்தது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 12 இலட்சத்துக்கும் மேல் சனம். அதில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் ஒரு பங்கு முழுவதும் ஒரு ஆளுக்குப் போட்டாலும், மற்ற நாலு பங்கு போடாவிட்டால் வெல்ல முடியாது. யாரையும் வாக்களிக்க விடாமல் தடுக்கத் தேவையில்லை. எல்லாரையும் வாக்களிக்க விட்டே தோற்கடிக்கலாம்.

தடுத்ததும் இருந்தது. டெக்சாஸில் வாக்காளராகப் பதிய வரி கட்டவேண்டும், வருசத்துக்கு 1.75 டொலர் வரை. 1902இல் கொண்டுவந்த வரி. கூலி வேலை செய்கிறவர்களுக்கு அது சின்னக் காசு இல்லை. அதற்கு மேல், ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் வெள்ளையினத்தவர் மட்டும்தான் வாக்களிக்கலாம் என்ற விதி 1944 வரைக்கும் இருந்தது. அந்தக் காலத்து டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் வென்றவர்தான் பொதுத்தேர்தலிலும் வெல்லுவார். ஆகவே உள்தேர்தலில் வாக்கில்லை என்றால் வாக்கே இல்லை. அந்த விதியை உச்ச நீதிமன்றத்தில் உடைத்தவர் லொனி ஸ்மித், அதே ஐந்தாம் வட்டாரத்துப் பல் வைத்தியர். ஒரு தபாற்காரர், ஒரு பல் வைத்தியர். ஜோர்டனுக்கு முன்னம் போனவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு, டெக்சாஸை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்ததாக ஜோர்டன் சொல்லியிருக்கிறார். கறுப்பு, பெண், உடம்பும் பெரிசு, உனக்கு எதிரான விஷயங்கள் கனக்க என்று ஆதரவாகவே கதைத்த ஒரு பேராசிரியர்கூட அவருக்குச் சொல்லியிருந்தார். ஆனால் பிரச்சினை அவரில் இல்லை, கோட்டில் இருந்தது. அது மாறப்போகிறது என்பது அப்போதே தெரியத் தொடங்கியிருந்தது.

டெக்சாஸ் அரசியலமைப்பின்படி எந்தக் கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது. 31 பேர் கொண்ட செனட்டில், 12 இலட்சம் சனமுள்ள ஹரிஸ் கவுண்டிக்கும் ஒரே ஒருவர். ஆள் நடமாட்டம் குறைந்த கிராமப்புறங்களுக்கோ தாராளமாக ஆசனங்கள். 1964 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டசபையின் இரண்டு அவைகளும் சனத்தொகைப்படியே பிரிக்கப்படவேண்டும், ஒருவரின் வாக்கு இன்னொருவரின் வாக்கைவிடக் கூடிய பெறுமதி உள்ளதாக இருக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. டெக்சாஸ் திரும்பக் கோடு போட வேண்டி வந்தது. ஹூஸ்டனுக்குள் புதிதாக வந்த 11ஆம் செனட் தொகுதிக்குள் ஐந்தாம் வட்டாரம் இருந்தது. கறுப்பினத்தவரோடு மெக்சிக்க வம்சாவளியினரும் தொழிற்சங்கத்து வெள்ளைத் தொழிலாளர்களும் அங்கே கலந்திருந்தார்கள். 1966 தொடக்கத்தில் வாக்கு வரியையும் நீதிமன்றம் இல்லாமலாக்கியது. தோற்ற தேர்தல்களின் வாக்கு எண்ணிக்கையை எடுத்து, புதிய எல்லைக்குள் வரும் வாக்களிப்பு நிலையங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால், ஜோர்டன் ஏற்கனவே வென்றிருந்தார்.

1966 மே மாத உள்தேர்தலில் எதிர்த்து நின்றவர் சார்லி விற்ஃபீல்ட், மாநிலப் பிரதிநிதி, வெள்ளையர், கொள்கையளவில் முற்போக்குப் பக்கம்தான். 'ஒரு வெள்ளையன் வெல்ல முடியுமா?' என்று கேட்டு அவருடைய தரப்பு துண்டுப்பிரசுரம் போட்டது. இந்த முறை முடியாது என்று ஜோர்டன் தன் கூட்டங்களில் பதில் சொன்னார். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். 1883க்குப் பிறகு டெக்சாஸ் செனட்டில் ஒரு கறுப்பினத்தவர். கறுப்பினப் பெண் என்று பார்த்தால் அதுவே முதல் தடவை.

1967 ஜனவரி 10, பதவியேற்பு நாள். மேல்மாடம் நிறைய ஹூஸ்டனில் இருந்து வந்த சனம். அவர் உள்ளே வந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்திருக்கிறார்கள். அவையில் அப்படிச் செய்யக்கூடாது என்பது விதி. ஜோர்டன் அண்ணாந்து பார்த்து உதட்டில் விரலை வைத்தார். சனம் அடங்கியது. இந்தக் காட்சியை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 84 வருசம் கழித்துக் கதவு திறக்கிறது, முதல் வேலையாகத் தன் சனத்தையே அமைதியாக இருக்கச் சொல்கிறார். எனக்கு இது ஒரே நேரத்தில் பிடித்தும் இருக்கிறது, எங்கேயோ குத்தியும் இருக்கிறது. அவருடைய முழு அரசியலும் இந்தச் சைகைக்குள் இருக்கிறது போல.

உள்ளே இருந்தவர்கள் முப்பது வெள்ளை ஆண்கள், பலர் பழமைவாதிகள். பெரும்பாலானவர்கள் சட்டத்தரணிகள், பண்ணை உரிமையாளர்கள், வியாபாரிகள். இதற்கும் ஒரு காரணம் உண்டு. டெக்சாஸ் சட்டசபை இரண்டு வருசத்துக்கு ஒருமுறைதான் வழமையாகக் கூடும், அதுவும் 140 நாளுக்கு மேல் இல்லை. அப்போது உறுப்பினரின் சம்பளம் வருசத்துக்கு 4,800 டொலர். வேறு வருமானம் உள்ளவர்கள், வேலையை நினைத்த நேரம் விட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள்தான் அங்கே போகலாம். சட்டத்தரணிகள் ஏன் அரசியலுக்குப் போகிறார்கள் என்று நாங்கள் பேச்சுத்திறமை, சட்ட அறிவு என்றெல்லாம் காரணம் சொல்லுவோம். உண்மையில் நேரமும் காசும்தான் பாதிக் காரணம்.

ஜோர்டன் முதலில் செய்த வேலை நிலையியற் கட்டளைகளைப் படித்தது. டெக்சாஸ் செனட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. கூட்டத்தொடர் தொடங்கும்போதே யாருக்கும் தேவையில்லாத ஒரு சட்டமூலத்தை நிகழ்ச்சி நிரலின் தலையில் போட்டுவிடுவார்கள். அது அசையாது. அதைத் தாண்டி வேறு எந்தச் சட்டமூலத்தை எடுக்கவேண்டும் என்றாலும் ஒழுங்கை இடைநிறுத்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 31இல் 21 பேர் வேண்டும். திருப்பிப் பார்த்தால், 11 பேர் சேர்ந்தால் எதையும் நிற்பாட்டலாம். இந்த விதி நெடுங்காலமாகப் பழமைவாதிகளுக்கு உதவியது. ஜோர்டன் அதைக் கையில் எடுத்தார். வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் ஒரு சட்டமூலம் வந்தபோது, ஒவ்வொரு ஆளாகப் போய்க் கதைத்து, தன்னோடு பத்துப் பேரைச் சேர்த்தார். சட்டமூலம் விவாதத்துக்கே வராமல் செத்தது. உரை ஒன்றும் இல்லை, கைதட்டல் ஒன்றும் இல்லை.

அந்தப் பத்துப் பேரை எப்படிப் பிடித்தார்? அவர்களோடு இருந்து விஸ்கி குடித்தார். அவர்கள் வேட்டைக்குப் போகும் விருந்துகளுக்கு கிட்டாரோடு போய்ப் பாட்டுப் பாடினார். யாருடைய தொகுதியில் என்ன பிரச்சினை என்று தெரிந்து வைத்திருந்தார். கறுப்பின மக்களைப் பற்றிக் கேவலமாகப் பேசிப் பழகினவர்களும் அந்த அவையில் இருந்தார்கள், அவர்களோடும் கதைத்தார். முதல் கூட்டத்தொடரின் முடிவில் செனட் அவரைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே காலத்தில் பிரதிநிதிகள் சபைக்கு ஹூஸ்டனில் இருந்து தெரிவான கேர்டிஸ் கிரேவ்ஸ் என்ற கறுப்பின உறுப்பினர் நேரெதிர். வெளிப்படையாகச் சண்டை போடுவார், பத்திரிகைக்குப் பேசுவார், யாரையும் தாஜா பண்ணமாட்டார். இவர்கள் இரண்டு பேரின் கதையும் பிறகு மோதிக்கொள்கிறது.

அந்த விஸ்கிக்குக் கிடைத்தது என்ன என்று கேட்கலாம். 1969இல் டெக்சாஸின் முதலாவது ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் வந்தது. மணித்தியாலத்துக்கு 1.25 டொலர். மத்திய அரசின் சட்டம் அப்போது பொதுவாக 1.60 டொலர் என்று வைத்திருந்தது, ஆனால் அந்தச் சட்டம் தொடாத வேலைகள் பல. அப்படி விடுபட்டவர்களுக்குத்தான் இந்த 1.25. குறைவுதான். அதுவரைக்கும் இருந்தது பூச்சியம். வேலையில் காயப்பட்டவர்களுக்கான நட்டஈட்டுத் தொகை கூடியது. மாநில அரசோடு செய்யும் ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான வாசகங்கள் சேர்ந்தன. பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஜோர்டனின் அம்மா மாதிரி, தாத்தா மாதிரி ஆட்களின் கையில் சில டொலர்கள்.

1972 மார்ச்சில் செனட் அவரைத் தன் தற்காலிகத் தலைவராகத் தெரிந்தது. ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்துக்கு வெளியே போனால் அந்தப் பதவியில் இருப்பவர்தான் ஆளுநர். மரபாக ஒரு நாள் இருவரும் வேண்டுமென்றே வெளியே போவார்கள். ஜூன் 10 அந்த நாள். ஹூஸ்டனில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் ஒஸ்டினுக்கு வந்தது. அமெரிக்க மாநிலமொன்றின் ஆளுநர் கடமையைப் பார்த்த முதல் கறுப்பினப் பெண். அப்பா பெஞ்சமினும் வந்திருந்தார், மகள் பதவியேற்றதைப் பார்த்தார். அன்றைக்கே அங்கேயே மயங்கி விழுந்து, அடுத்த நாள் இறந்துபோனார்.

இனித்தான் கஷ்டமான பகுதி.

1970 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கு தேசிய கொங்கிரஸில் ஒரு ஆசனம் கூடியது, 23 என்பது 24 ஆனது. 1971இல் புதிய எல்லைகளைப் போடவேண்டும். துணை ஆளுநர் பென் பார்ன்ஸ் செனட்டின் எல்லை நிர்ணயக் குழுவுக்கு ஜோர்டனை உபதலைவராக நியமித்தார். ஹூஸ்டனின் மையத்தில், கறுப்பின வாக்காளர்கள் திரண்டிருக்கும்படி, 18ஆம் கொங்கிரஸ் தொகுதி உருவானது. ஜோர்டன் அதில் போட்டியிட்டார். அதே மீள்வரைபில் அவருடைய பழைய 11ஆம் செனட் தொகுதி கலைந்து, கறுப்பின வாக்குப் பலம் உடைந்து போனது. அந்தச் செனட் ஆசனத்துக்கு அடுத்து வர இருந்தவர் கேர்டிஸ் கிரேவ்ஸ். தான் வொஷிங்டன் போவதற்காக எங்கட செனட் ஆசனத்தை விற்றுவிட்டார் என்று கிரேவ்ஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். கொங்கிரஸ் ஆசனத்துக்கான உள்தேர்தலில் அவரை எதிர்த்தே நின்றார். ஜோர்டன் ஏறத்தாழ 80 சதவீத வாக்கு எடுத்து வென்றார்.

எல்லை நிர்ணயம் என்ற சொல்லை மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்கிற செய்திகளில் மட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். 2018இல் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றபோது எனக்கு அது என்னவென்றே தெரியாது. இந்தக் கதையை என்ட ரூம்மேட்டுக்குச் சொன்னபோது அவள் உடனே, "உது சுயநலம்தானே, எங்கட ஆக்கள் செய்தா மட்டும் திட்டுவியள்" என்றாள். பதில் சொல்லச் சுணங்கியது.

ஒரு பக்கம் பார்த்தால், ஜோர்டன் போன பிறகு டெக்சாஸ் செனட்டில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. 1983இல் கிரெய்க் வொஷிங்டன் வரும் வரைக்கும் பத்து வருசம் இல்லை. 84 வருசம் மூடியிருந்த கதவு ஆறு வருசம் திறந்து திரும்ப மூடியது. அதற்கு அவர் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, மாநிலச் சட்டசபைத் தொகுதிகளில் கடைசி முடிவு பார்ன்ஸ் மாதிரி உயர் பதவியில் இருந்தவர்களின் கையில்தான் இருந்தது. ஆனால் உபதலைவராக இருந்தவருக்குத் தெரியாமல் நடந்தது என்றும் நான் நம்பவில்லை. மறுபக்கம், அந்த 18ஆம் தொகுதி நின்று பிடித்தது. ஜோர்டனுக்குப் பிறகு மிக்கி லீலண்ட், பிறகு அதே கிரெய்க் வொஷிங்டன், பிறகு 1995இல் இருந்து 2024 வரை ஷீலா ஜக்சன் லீ என்று அரை நூற்றாண்டு காலம் ஹூஸ்டன் கறுப்பின மக்களின் குரல் அங்கே இருந்தது. மாநிலத்தில் இழந்ததைத் தேசியத்தில் எடுத்தார்களா? சம்பளச் சட்டம், வாக்காளர் பதிவு, பள்ளிக்கூடம் எல்லாம் தீர்மானிக்கிற இடம் மாநிலம். என்னைக் கேட்டால், கிரேவ்ஸ் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. ஆனால் விஸ்கியும் கிட்டாரும் இல்லாமல் அந்த உபதலைவர் பதவி ஜோர்டனுக்கு வந்திருக்காது, கிரேவ்ஸ் மாதிரி ஒருவரை எவரும் அந்த அறைக்குள் விட்டிருக்கமாட்டார்கள். அந்தப் பதினொரு வாக்கைத் திரட்டிய திறமையும், தனக்கு ஒரு தொகுதி வரைந்துகொண்ட திறமையும் வேறு வேறு இல்லை.

1973இல் கொங்கிரஸுக்குப் போனார். ஜோர்ஜியாவின் அன்ட்ரூ யங்கும் அவரும்தான் 1901க்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் இருந்து போன முதல் கறுப்பின உறுப்பினர்கள். முன்னாள் ஜனாதிபதி ஜோன்சன் சொல்லிக்கொடுத்து நீதித்துறைக் குழுவில் இடம் கிடைத்தது. பிறகு அந்த வீடியோ.

அந்த உரையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1975. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் தெற்கு மாநிலங்கள் பலவற்றுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. தேர்தல் விதியையோ எல்லையையோ மாற்றுவதென்றால் முதலில் மத்திய அரசிடம் அனுமதி எடுக்கவேண்டும். டெக்சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 1975இல் சட்டத்தை நீடிக்கும்போது, ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் போன்ற மொழிச் சிறுபான்மையினரையும் உள்ளடக்கி, டெக்சாஸையும் உள்ளே கொண்டுவர ஜோர்டன் உழைத்தார். சொந்த மாநிலத்தின் ஆளுநர் எதிர்த்தார். சட்டம் நிறைவேறியது. டெக்சாஸ் தன் கோட்டைத் தன் இஷ்டத்துக்குப் போடமுடியாது என்று ஆக்கினவர், அந்தக் கோடுகள் எப்படிப் போடப்படுகின்றன என்று மூடிய அறைக்குள் இருந்து பார்த்தவர். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டைச் செயலிழக்க வைத்தது. 2025 ஓகஸ்டில், அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திருக்காமல், டெக்சாஸ் சட்டசபை கொங்கிரஸ் தொகுதிகளைத் திரும்பவும் வரைந்தது. மாற்றப்பட்டவற்றில் 18ஆம் தொகுதியும் ஒன்று.

ஜோர்டன் மூன்று தவணையோடு கொங்கிரஸை விட்டார். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நோய் அவருக்கு இருந்தது, அதைப் பற்றி வெளியே கதைக்கவில்லை. 1979இல் இருந்து ஒஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஒருகாலத்தில் தன்னைச் சேர்க்காத அதே பல்கலைக்கழகத்தில், அரசியல் அறத்தைப் படிப்பித்தார். 1990களில் குடிவரவுச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி, சட்டபூர்வமான குடிவரவையும் குறைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு இது கசக்கும். அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று ஆக்கும் யோசனை வந்தபோது, அதையும் அவர்தான் எதிர்த்துச் சாட்சியம் சொன்னார்.

1996 ஜனவரி 17இல் இறந்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2009இல் தன் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தது. அவருடைய கடிதங்களும் உரைகளும் ஆவணங்களும் அங்கே இல்லை. சுவெட் என்ற தபாற்காரரைத் தள்ளி வைப்பதற்காகக் கட்டின, அவர் விவாதம் பழகின, ஹூஸ்டன் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.